சுகந்தி டீச்சரின் காரம்

ஆறாவது நாளாக சுகந்தி குறைநீக்க மையத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலை எட்டே முக்காலுக்குக் கதவைத் திறந்தபோது முதலில் உள்ளே நுழைந்தவள் அவள்தான். இப்போது மணி இரண்டரை. அவளுக்குப் பின்னால் வந்த நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்திருப்பார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் அவள் பெயர் கடைசி வரியில் அசையாமல் கிடந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்: 4.

அந்த எண்ணுக்கு அரசாணையில் 'தற்கால எரிச்சல் குறியீடு' என்று பெயர். திருச்சியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'காரம்' என்பார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் கட்டியிருக்கும் பட்டை, நாடித் துடிப்பையும் தோலின் வியர்வையையும் இன்னும் ஏதேதோ சமாசாரங்களையும் அளந்து காரம் சொல்லும். யாருக்குக் காரம் அதிகமோ அவரைக் கவுன்ட்டர் முதலில் கூப்பிடும். டோக்கன் கிடையாது. வரிசை கிடையாது. யார் முதலில் வந்தார் என்பதும் கிடையாது.

இந்த ஏற்பாடு வந்த முதல் மாதத்திலேயே ஜனங்கள் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்கள். ஈரக் காலுறையோடு வந்தார்கள். ஒரு சைஸ் சின்னச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சுகந்திக்கு எதிரே ஒரு பெண் செலோ டேப் சுருளைச் சுற்றிச் சுற்றி அதன் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் அவள் காரம் ஐம்பதைத் தாண்டியது. தில்லைநகரிலிருந்து வந்த ஒருவர் தன் மச்சானைக் கூட்டி வந்திருந்தார். மச்சான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காரம் அறுபது. பட்டா மாற்றம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

சுகந்தியும் செலோ டேப் கொண்டுவந்து பார்த்தாள். நுனி உடனே கிடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக எல்.கே.ஜி. வகுப்புக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிற கை அது. நாற்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் "மிஸ், இவன் என்னைப் பார்க்கிறான் மிஸ்" என்று புகார் சொன்னாலும் நாற்பது பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறவள். அவளுக்கு எரிச்சல் வராது என்பது உறையூரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லிப் பாராட்டிக் கைதட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாராட்டு இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. அவள் கணவர் தர்மலிங்கத்தின் நெஞ்சுக்குள் இருக்கும் பேஸ்மேக்கரின் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. இருபது நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி எட்டு நாள் போய்விட்டது. மருத்துவமனையின் கணினியோ அவருடைய மருத்துவ அட்டையை ஏற்க மறுத்தது. அட்டையில் 'ர்' மேல் இருக்க வேண்டிய புள்ளியை யாரோ விட்டிருந்தார்கள். தர்மலிங்கம், தரமலிங்கம் ஆகியிருந்தார். தர்மலிங்கம் வேறு, தரமலிங்கம் வேறு, தரமலிங்கத்தின் நெஞ்சில் பேஸ்மேக்கரே இல்லை என்பது கணினியின் தீர்மானம்.

மேற்பார்வையாளர் இளங்கண்ணன் தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயது, சட்டைப் பையில் மூன்று பேனா. சுகந்தி எழுந்து அவரை மறித்தாள்.

"சார், நான் எட்டே முக்காலுக்கே வந்துட்டேன்."

"தெரியும்மா. ஆறு நாளா பார்க்கிறேனே. உங்களை மாதிரி ஆளுங்க வந்து உட்கார்ந்தா இந்த இடத்துக்கே ஒரு அழகு."

"அழகு இருக்கட்டும் சார். ஒரே ஒரு புள்ளி. வைக்கிறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?"

"புள்ளிக்கு ஒரு நிமிஷம்தான். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?" அவர் பொறுமையாகவே சொன்னார். "முன்னாடி டோக்கன் குடுத்தோம். புரோக்கருங்க விடியறதுக்கு முன்னாடியே வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனானுங்க. அப்புறம் ஆன்லைன்னு சொன்னோம். வெப்சைட் படுத்துக்கிச்சு. ரெண்டு வருஷத்துல பதினேழு கண்ணாடி உடைஞ்சது, எனக்கு முன்னாடி இருந்தவருக்குப் பல்லு ரெண்டு. கடைசியில நிபுணருங்க வந்து ஆராய்ச்சி பண்ணாங்க. காத்திருக்கிறவங்கள்ல எவன் ரொம்ப வெந்துக்கிட்டிருக்கானோ அவனை முதல்ல அனுப்பிடு, ரூம்ல இருக்கிற மொத்த எரிச்சல் குறைஞ்சிடும்னாங்க. கணக்கு சரியா வந்துச்சு. இப்ப ஒரு கண்ணாடி உடையறதில்ல."

"அப்ப எரிச்சல்படாதவங்க?"

"அவங்களுக்குத்தான் காத்திருக்கிறதுல கஷ்டமே இல்லையேம்மா. உங்க காரம் நாலு. கஷ்டப்படறவரைப் பின்னாடி தள்ளிட்டுக் கஷ்டமே இல்லாத உங்களை முன்னாடி விட்டா நியாயமா, நீங்களே சொல்லுங்க."

அந்த நியாயத்தில் எங்கேயோ ஓட்டை இருந்தது. எங்கே என்று அவளால் விரல் வைக்க முடியவில்லை.

"பட்டை தப்பா அளக்குதோ என்னவோ."

"தப்பாகாது. குடுத்தப்ப ஏழு நாள் வீட்டிலேயே கட்டியிருந்தீங்க இல்ல? அப்ப உங்க இயல்பு என்னன்னு அது படிச்சு வச்சுக்கும். அந்த இயல்புக்கு மேல எவ்வளவு ஏறுதோ அதுதான் காரம். எல்லார் உடம்பும் ஒரே மாதிரி இருக்காது பாருங்க, அதுக்காக."

"மருத்துவ அவசரம்னு தனி கவுன்ட்டர் இருக்காமே சார்?"

"இருக்கு. ஆஸ்பத்திரி சர்டிபிகேட் வேணும்."

"அட்டையில பேரு சரியா இருந்தாத்தான் சர்டிபிகேட் தருவோங்கிறாங்க."

"ஆமா. அது அப்படித்தான்," என்றார் இளங்கண்ணன், மழையைப் பற்றிப் பேசுவது போல.

அவள் கைப்பேசி அடித்தது. தர்மலிங்கம். அன்று அது ஒன்பதாவது அழைப்பு. மின்விசிறி டிக் டிக் என்கிறதாம். "மூணுல வைங்க, நாலுல வச்சாத்தான் அந்தச் சத்தம் வரும்," என்று சுகந்தி மலர்ந்த குரலில் சொன்னாள். திரையில் 4 அப்படியே இருந்தது. இளங்கண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "பாருங்க, என்ன ஒரு நிதானம்," என்று வியந்துகொண்டே உள்ளே போனார்.

தர்மலிங்கத்தை மையத்துக்கு அனுப்பியிருந்தால் இரண்டே நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்தவர் அவர். உலகம் முழுவதும் தன் கண்ணில் படுவதற்காகவே தப்பாக அச்சடிக்கப்பட்டிருக்கிறது என்று நம்புகிறவர். எட்டு வருடத்துக்கு முன் ஒரு துணிக்கடை விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல்முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எரிச்சலே படக்கூடாது என்று அன்றே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எரிச்சல்களை வாசலிலேயே மடக்குவது சுகந்தியின் வேலை. புதுச் சட்டை வந்தால் கழுத்து லேபிளை வெட்டுவாள். 'மிளகாய் பொடி' என்று நடுவில் 'ப்' இல்லாமல் அச்சடித்த பாக்கெட்டைப் பிரித்துப் பெயரில்லாத டப்பாவில் கொட்டுவாள். செய்தித்தாளை முதலில் அவள் படித்து, ஆபத்தான பக்கங்களை உருவிவிட்டுத் தருவாள். மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுக்காமல் இருக்க அதன் கால்களுக்கு ரப்பர் வாங்கிக் கொடுத்தாள். தன் பெயரிலேயே ஒரு புள்ளி விழுந்துவிட்டது என்று தெரிந்தால் அவர் அந்த இடத்திலேயே போய்விடுவார். அதனால், "ஏதோ சீல் வைக்கணுமாம்," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஏழாவது நாள் அவள் மரியசூசையிடம் போனாள்.

மையத்துக்கு எதிரே இருந்த வாகை மரத்தடியில் முன்பெல்லாம் மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அங்கே இருந்தவர்கள் உசுப்பு ஆட்கள். உசுப்பேற்றிவிடுவதுதான் தொழில். அவர்களில் மரியசூசைக்குத் தனி மவுசு. 'இங்கு எரிச்சலூட்டப்படும். கைராசிக்காரர்' என்று பலகையே வைத்திருந்தார். மெலிந்த ஆள், நாற்பது வயது, பார்க்கச் சாதுவாக இருந்தார்.

"உட்காருங்க டீச்சர். பத்து நிமிஷத்துல அறுபது. அதுக்குக் குறைஞ்சா நீங்க எதுவும் தர வேண்டாம்," என்று சொல்லி, அவளோடு மையத்துக்குள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலில் அவள் சம்பளத்தைக் கேட்டார். பிறகு எடையைக் கேட்டார். எடையைச் சொன்னதும், "பார்த்தா இன்னும் அதிகமா தெரியுது," என்றார். பேனாவின் மூடியை டிக் டிக் என்று இருநூறு தடவை அழுத்தினார். வெள்ளரிக்காயை வாய் திறந்து மென்றார். "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு நினைச்சேன்… சரி வேணாம் விடுங்க," என்று ஐந்து தடவை சொன்னார். அவருடைய சகலை ஸ்கூட்டர் வாங்கிய கதையை, நிறத்தில் சந்தேகம் வந்து மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சுகந்தி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "அப்புறம்?" என்றாள். வெள்ளரிக்காய்ச் சாறு அவர் தாடையில் வழிந்தபோது கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். திரையில் 4 என்பது 3 ஆனது.

மரியசூசையின் சொந்தக் காரம் ஐம்பத்தெட்டுக்கு ஏறிவிட்டது.

"என்ன டீச்சர் இது? பதினோரு மாசமா இந்தத் தொழில்ல இருக்கேன். ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருத்தரை என் சட்டையைப் பிடிக்க வச்சிருக்கேன். சாமியார் ஒருத்தரைக் கெட்ட வார்த்தை பேச வச்சிருக்கேன். நீங்க என்னடான்னா வாயைத் துடைச்சு விடுறீங்க!"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நல்லாத்தான் பண்ணீங்க. முயற்சி இருந்துச்சு."

எல்.கே.ஜி. குழந்தைக்குச் சொல்கிற அதே குரல். மரியசூசைக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு எத்தனை நாள் கெடு, யாருக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் விசாரித்தார். பேசி முடிப்பதற்குள் கைப்பேசி மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் அவள் மலர்ந்த குரலில் பேசினாள். கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று தொடையில் தட்டினார்.

"டீச்சர், உங்களுக்கு எரிச்சல் வேணாம், கவலை போதும். கவலைப்பட்டாலும் காரம் ஏறும். நாளைக்கு உங்க வீட்டுக்காரரை என்கிட்ட விட்டுட்டு நீங்க மட்டும் தனியா இங்க வாங்க. போனும் வீட்லயே இருக்கட்டும். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன், அதுவும் உசுப்பேத்துறதே தொழிலா வச்சிருக்கிறவன், நெஞ்சுவலிக்காரர்கூட வீட்ல இருக்கான். என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு உங்களுக்குப் பதறும் பாருங்க. அறுபது என்ன, தொண்ணூறே வரும்."

"அவருக்கு எதுவும் ஆகிடாதே?"

"எது எது எரிச்சலூட்டும்னு எனக்கு அத்துப்படி. அதுல ஒண்ணுகூட நடக்காம பார்த்துக்க என்னைவிட்டா ஆள் உண்டா?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் காலை மரியசூசை சத்தமே வராத ரப்பர் செருப்போடு வந்தார். அவரைத் தூரத்து உறவு என்று சொல்லி, சுகந்தி கணவரிடம் விட்டாள். மாத்திரை நேரங்களை எழுதிக் கொடுத்தாள். கைப்பேசியை அலமாரியில் வைத்தாள். தெருவில் இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பதறுவதற்குத் தயாராக நடந்தாள். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்து பதற்றத்துக்குக் காத்திருந்தாள். வெளியே ஒரு ஆள் சைக்கிளில் பதினைந்து பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு போனான். அதைக் கடைசி வரை பார்த்தாள். பையில் எதுவும் அடிக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கை தானாகப் பைக்குள் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு கை போவதை நிறுத்திக்கொண்டது.

பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை. குழந்தைகள் இல்லை. வீடும் இல்லை. யாரும் எதையும் அவளிடம் கேட்கவில்லை. மையத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி ஒரு வாழைக்காய் பஜ்ஜி வாங்கி, சூடு ஆறுவதற்குள், யாருக்கும் பங்கு வைக்காமல், நின்றுகொண்டே சாப்பிட்டாள். இன்னொன்றும் சாப்பிட்டாள். எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

பத்து மணிக்கு மையத்துக்குள் நுழைந்து நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்தபோதுதான் இத்தனை நாளும் முதுகு நாற்காலியில் படாமலே உட்கார்ந்திருந்தது தெரிந்தது. திரையில் தன் பெயரைப் பார்த்தாள். 1. சற்றுக் கழித்து 0.

'காரியம் கெட்டது,' என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர அதற்காக வருத்தப்படத் தோன்றவில்லை. கண்ணை மூடினாள். அப்படியே அரை மணி நேரம் போயிருக்கும்.

"சுகந்தி தர்மலிங்கம், கவுன்ட்டர் ஒன்று," என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது.

கண்ணைத் திறந்தாள். திரையின் உச்சியில் அவள் பெயர். பக்கத்தில், அந்தத் திரையில் யாரும் எப்போதும் பார்த்திராத ஓர் எண்: −61. அவளுக்குக் கீழே ஐம்பத்தெட்டோடு ஒருவர், இறுக்கமான செருப்பைக் கையில் பிடித்தபடி, வாய் பிளந்து நின்றிருந்தார்.

கவுன்ட்டர் ஒன்றில் இருந்த பெண் விண்ணப்பத்தைப் பார்த்தாள். விசைப்பலகையில் ஒரு தட்டு. 'ர்' மேல் புள்ளி விழுந்தது. புது அட்டை அச்சாகிச் சூடாக வெளியே வந்தது. நாற்பது விநாடி.

அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் திரும்பியபோது இளங்கண்ணன் நின்றிருந்தார். "அம்மா, ஒரு நிமிஷம் உள்ளே வாங்க," என்றார். மழையைப் பற்றிப் பேசுவது போன்ற அந்தப் பழைய பாவனை அவர் முகத்தில் இல்லை.

கண்ணாடி அறையில் உட்கார வைத்து, அவள் பட்டையைக் கழற்றிக் கணினியில் செருகினார்.

"நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா சார்?"

"நீங்க பண்ணல. இந்த மென்பொருள் எழுதினவன் பண்ணிட்டான். எண் பெருசா இருந்தா மேல ஏத்துன்னு சொல்லியிருக்கான், கழித்தல் குறியைப் பத்தி யோசிக்கவே இல்ல. அறுபத்தொண்ணுன்னா அறுபத்தொண்ணு. அவனைச் சொல்லியும் குத்தமில்ல. அரசாங்க ஆபீசுக்குள்ள வந்து ஒருத்தர் நிம்மதியாவாங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" சொல்லிக்கொண்டே திரையை உருட்டியவர் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"என்ன சார்?"

"காரம்ங்கிறது உங்க இயல்புக்கு மேல எவ்வளவுன்னு சொன்னேன் இல்ல? உங்க இயல்பு எவ்வளவுன்னு பதிவாகியிருக்குன்னு பார்த்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பொதுவா ஜனங்களுக்கு இருபது, இருபத்தஞ்சு இருக்கும். கண்ணாடி உடைக்கிறவனுக்கே உடைக்கிற நேரத்துல எண்பதுதான் வரும். உங்க இயல்பு எண்பத்துநாலு."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

"என் கிளாஸ்ல யாரும் அவ்வளவு வாங்கினதில்ல," என்றாள் சுகந்தி. சொன்ன பிறகுதான் அது சிரிப்பதற்கான விஷயம் இல்லை என்று தோன்றியது.

"ஆறு நாளா நீங்க எண்பத்தெட்டுல உட்கார்ந்திருந்தீங்கம்மா. எல்லாருக்கும் முன்னாடி போயிருக்க வேண்டியவங்க. எப்பவும் அப்படியே இருக்கிறதால, அதுதான் உங்க சாதாரண நிலைன்னு கருவி எடுத்துக்கிச்சு. இன்னைக்கு உங்க உண்மையான அளவு இருபத்துமூணு. சந்தோஷம்கூட இல்ல இது. இன்னைக்குத்தான் நீங்க எல்லாரையும் போல இருக்கீங்க. அந்தப் பட்டையை முதல்ல கட்டின வாரம் வீட்டுல ஏதாவது பெருசா நடந்துச்சா?"

சுகந்தி யோசித்தாள். இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதம். பள்ளிக்குப் போனாள். வந்தாள். சமைத்தாள். டப்பா மாற்றினாள். செய்தித்தாளில் பக்கம் உருவினாள். ஓசூரில் இருக்கும் மகளிடம் போனில் பேசி அப்பா நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

"ஒண்ணும் நடக்கல சார். வழக்கமான வாரம்."

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது காதுக்குள் ஏதோ அடைத்தது போல இருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அடைப்பு இல்லை அது. வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு இரைச்சல் நின்றிருக்கிறது. இரைச்சல் என்று தெரியாததால் அமைதியும் புரியவில்லை. தனக்கு எரிச்சல் வராது என்று ஊர் சொன்னதை அவளும்தான் நம்பியிருந்தாள். இப்போது யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

இளங்கண்ணன் வேறொரு பட்டியலைத் திறந்திருந்தார். "காரம் பத்தைத் தாண்டாதவங்க நம்ம ஊர்ல நாலாயிரத்துச் சொச்சம் பேர். பொறுமைசாலிங்கன்னு வருஷா வருஷம் சான்றிதழ் வேற அனுப்புறோம். இதுல முக்கால்வாசிப் பேருக்கு இயல்பு எண்பதுக்கு மேல." அவர் எதையோ தட்டச்சு செய்தார். அது சுகந்தியின் பெயர் இல்லை. தேன்மொழி இளங்கண்ணன் என்று எழுத்துகள் விழுந்தன. எண் வந்தது. அவர் உடலால் திரையை மறைத்துக்கொண்டார். ஆனால் சுகந்தி பார்த்துவிட்டாள். தொண்ணூற்றொன்று.

அவர் திரும்பாமலே கேட்டார்: "அம்மா, சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப… என்ன வாங்கிட்டுப் போகலாம்?"

"எதுவும் வாங்காதீங்க சார். வாங்கினா அதை எங்க வைக்கிறதுன்னு அவங்கதான் யோசிக்கணும். சீக்கிரமா போங்க. போய் ஒரு நாள் அவங்களை எங்கேயாவது தனியா அனுப்பி வைங்க. போன் இல்லாம."

"அவ்வளவுதானா?"

"பஜ்ஜி நல்லா இருக்கும்," என்றாள்.

அவள் வீடு திரும்பியபோது மணி மூன்று. கதவைத் திறந்தது மரியசூசை. காலையில் வந்த ஆள் மாதிரியே இல்லை. தலைமுடி நின்றிருந்தது. சட்டை கசங்கியிருந்தது. உள்ளே தர்மலிங்கம் சாய்வு நாற்காலியில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, என்ன ஆச்சு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகல டீச்சர். ஒரு எரிச்சல் அண்டவிடல," என்று அவர் மூச்சு வாங்கினார். "காலையிலேர்ந்து முப்பத்தெட்டு தடவை கூப்பிட்டாரு. கொசு பாடுதுங்கிறாரு. சாம்பார் பார்க்குதுங்கிறாரு. நான் 'அதற்க்கு'ன்னு சொன்னேனாம், ஒரு 'க்' அதிகமாம். பேசுறப்ப எப்படிங்க தெரிஞ்சுது அவருக்கு? நான் ஒரு மணி நேரத்துக்கு மேல எந்த ஆளுகூடவும் உட்கார்ந்ததில்ல டீச்சர். நீங்க எத்தனை வருஷம்?"

"இருபத்தாறு."

மரியசூசை அவளைக் கைகூப்பிக் கும்பிட்டார். அப்போதுதான் தன் மணிக்கட்டைப் பார்த்தார். எழுபத்தொன்று. அவர் கண்கள் விரிந்தன.

"டீச்சர், மரத்தடியில கடை போட எனக்கே ஒரு அனுமதி மனு பத்து மாசமா கிடக்குது. தொழில் பழகிப் பழகி எதுக்கும் எனக்குக் காரம் ஏறுறதே இல்ல, நேத்து உங்ககிட்ட ஏறின அம்பத்தெட்டும் பத்தல. இப்ப ஓடினா அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடலாம்!" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடினார்.

வியாழக்கிழமை பேட்டரி மாற்றினார்கள். மருத்துவமனைக் கணினி தர்மலிங்கத்தை ஒப்புக்கொண்டது. ஒரு மணி நேர வேலைதான். மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இடது கையை அசைக்காம மூணு நாள் படுக்கையில இருங்க. எழுந்திரிக்கவே கூடாது," என்றார்.

"எரிச்சல்படலாமா டாக்டர்?" என்று தர்மலிங்கம் ஆசையோடு கேட்டார்.

"தாராளமா. இது புது மாடல். பத்து வருஷத்துக்கு என்ன கத்தினாலும் தாங்கும்."

"எதைக் கேட்டாலும் தாங்குமா?" என்று கேட்டது சுகந்தி.

"எதைக் கேட்டாலும் தாங்கும்மா."

வீட்டுக்கு வந்ததும் தர்மலிங்கம் படுத்துக்கொண்டு, எல்லாப் பக்கங்களோடும் செய்தித்தாள் வேண்டும் என்றார். சுகந்தி கொண்டுவரவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்தாள். அது தரையில் கிறீச்சிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, முதுகு நன்றாகப் படும்படி சாய்ந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். கல்யாணத்துக்கு மறுநாள், நான் எழுதின லெட்டர்ல உங்க சித்தப்பா முன்னாடியே சிவப்பு மசியால சுழிச்சீங்களே, அதிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

தர்மலிங்கம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவள் கத்தவில்லை. எல்.கே.ஜி. குரலிலும் பேசவில்லை. ஒவ்வொன்றாக, தேதியோடு சொன்னாள். நடுவில் இரண்டு தடவை அவர் ஏதோ திருத்த வாய் திறந்தார். "கையை அசைக்காதீங்க," என்றாள். மகளுக்குப் பெயர் வைத்த நாளுக்கு வந்தபோது மதியம் ஆகிவிட்டது. எண்பத்துநாலு என்ற எண்ணையும் அது எப்படித் தெரிந்தது என்பதையும் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. பிழை திருத்துகிற கண்களால் கூரையை வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவும் உள்ள வச்சிருந்தியா? அப்பவே சொல்லியிருக்கலாமே, சுகந்தி."

"அப்ப உடம்பு நல்லா இருந்துச்சு, பாதியில எழுந்து போயிருப்பீங்க. அப்புறம் உடம்புக்கு முடியாம போச்சு, சொல்ல முடியல. இப்பத்தான் ரெண்டும் தோதா அமைஞ்சிருக்கு."

அவர் கண்கள் கூரையிலிருந்து இறங்கின. கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் படுக்கையில இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள் சுகந்தி. அவர் தலையணையைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு, மகள் பள்ளியில் சேர்ந்த வருடத்துக்குப் போனாள்.